கணிப்புச் சந்தையா? கன்னக்கோலா?

"கிரிக்கெட்டில் பணம் கட்ட எந்தக் கடை நல்லது?"

ஆலைச் சங்கு ஊதி, பகல் முறை முடிந்து வாயிலுக்கு வந்த இளந்தோழர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. சூதாடலாமா என்று அவர் கேட்கவில்லை. எங்கே ஆடினால் ஏமாறாமல் ஆடலாம் என்று கேட்டார். நாம் விழித்தோம். "இது சூது அல்ல, அண்ணே! கணிப்புச் சந்தை! பங்கு வாங்குவது போல!" என்று நமக்குப் பாடமும் நடத்தினார்.

கோபம் வரவில்லை நமக்கு, கவலைதான் வந்தது. திருடன் திருடனாகவே வந்தால் தெருநாய் கூடக் குரைக்கும். கனவான் வேடத்தில் வந்தால் நாமே நாற்காலி எடுத்துப் போடுகிறோம்! ஆகவே, தோழரின் கேள்வியைத் தள்ளிவிடாமல், கடைகளை வரிசையாக நிறுத்தி எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில், விற்கப்படும் சரக்கு என்ன? "இந்தியா வெல்லுமா?" என்பது கேள்வி. 'ஆம்' என்பது ஒரு சீட்டு. 'இல்லை' என்பது மறு சீட்டு. 'ஆம்' 6 ரூபாய் என்றால், 'இல்லை' 4 ரூபாய். ஆட்டம் முடிந்ததும் சரியாகச் சொன்னவருக்கு 10 ரூபாய்; தவறியவருக்குப் பட்டை நாமம்! விலை 6 என்றால், வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு அறுபது என்று சந்தை கருதுகிறது எனப் பொருள். திருவிழாத் திடலில் துண்டு விரித்து ஆடும் மங்காத்தாவில் 'உள்ளே, வெளியே' என்பார்களே, அதன் பேரப்பிள்ளைதான் இது! அங்கே துண்டு, இங்கே தொடுதிரை.

இனி, கடைகளைக் காண்போம்.

பிரிட்டனில் பெட்ஃபேர். 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆடுவோர் ஒருவரோடு ஒருவர் மோத இடம் தருகிறது. வென்றவரின் இலாபத்தில் தரகு எடுக்கிறது. அரசின் உரிமம் உண்டு. முறையிட வழியும் உண்டு. நன்று! ஆனால், 2008-இல் அது செய்தது என்ன? தொடர்ந்து வென்றுவந்தவர்கள் மீது தனிக் கட்டணம் ஒன்றைச் சுமத்தியது. தோற்றால் உன் பாடு. தொடர்ந்து வென்றாலோ தண்டம்! என்னே வணிக நீதி!

அமெரிக்காவில் கால்ஷி. முன்பேர வணிகத்தைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஆணையம் 2020-இல் அதற்கு இசைவு தந்தது. 1 டாலர் சீட்டு விற்கும் அக்கடை, 2025 ஜனவரியில் விளையாட்டுத் துறைக்குள் புகுந்தது. தான் நடத்துவது சந்தை, சூதாட்டம் அல்ல என்பது அதன் வாதம். அதே ஆண்டு மார்ச்சில், உரிமமில்லாப் பந்தயத்தை நிறுத்து என்று நெவாடா மாநிலம் ஓலை அனுப்பியது. எந்த நெவாடா? லாஸ் வேகாசு நகரைத் தன் மடியில் வைத்திருக்கும் நெவாடா! சூதைப் பார்த்துச் சூது என்று அடையாளம் சொல்ல அதைவிடத் தகுந்த சாட்சி எங்கே கிடைக்கும்?

அடுத்தது பாலிமார்க்கெட். 2020-இல் தோன்றியது. அங்கே புழங்குவது டாலருக்கு ஈடாக வைக்கப்பட்ட மின்காசு. பதிவு பெறாமல் கடை நடத்தியதற்காக 2022 ஜனவரியில் அதே அமெரிக்க ஆணையம் 14 இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் பொதுப் பேரேட்டில் கிடக்கிறது, யாரும் பார்க்கலாம் என்பது அதன் பெருமை. கணக்கைப் பார்க்கலாம், சரி. பணம் போனால் நம் ஊர்த் தோழர் எந்தப் படியேறி, யாரிடம் மனுக் கொடுப்பார்?

நம் நாட்டில் புரோபோ. 2019-இல் முளைத்தது. 'ஆம், இல்லை' சீட்டுகளைப் பத்து ரூபாய்க்குள் விற்றது. இத்தகைய கருத்து வணிகம் தன் கண்காணிப்பில் வராது, முதலீட்டாளருக்குரிய பாதுகாப்பு அங்கே கிட்டாது என்று 2025 ஏப்ரலில் செபி எச்சரித்தது. ஜூலையில் அமலாக்கத் துறை சோதனையிட்டு, 284 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்தை முடக்கியது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியதும், அது பணம் கட்டி ஆடும் கடையை மூடியது.

கடைக்குக் கடை வேறுபாடே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். உரிமம் பெற்ற கடை வேறு. ஊரும் பேரும் தெரியாத கடை வேறு. சந்தை விலையைக் கொண்டு முடிவுகளை ஓரளவு கணிக்கலாம் என்று பொருளியல் அறிஞர்கள் புகழ்வதிலும் உண்மை உண்டு. ஆனால், அந்தப் பயன் விலையைப் பார்ப்பவனுக்கு! பணம் கட்டுபவனுக்கு?

கணக்குப் போடுவோம். தரகு நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். தோழர்கள் சிலர் சேர்ந்து 100 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள். ஒரு சுற்றில் திரும்புவது 95. அதையே மீண்டும் கட்டினால் 90-உம் சில்லறையும். பத்தாவது சுற்றில் மிஞ்சுவது 60 ரூபாய்க்கும் குறைவு! வென்றவர் யார், தோற்றவர் யார் என்று தோழர்கள் தங்களுக்குள் சண்டையிடுவார்கள். 40 ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு கடைக்காரர் சிரிப்பார். அவர் எந்த அணியின் மீதும் பந்தயம் கட்டவில்லை. நம் ஆசையின் மீது கட்டினார்!

எதிரே இருந்து ஆடுபவர் யார் என்றாவது தெரியுமா? தன்னைப் போன்ற இன்னொரு தொழிலாளி என்று நம் தோழர் எண்ணுகிறார். கால்ஷியில் விலை கூறி வாங்கி விற்கும் பணியை 2024-இல் ஏற்றது சஸ்குவெஹானா என்னும் அமெரிக்கப் பெருநிறுவனம். கணிதம் கற்றவர்களையும் கணிப்பொறிகளையும் வைத்து வணிகம் செய்யும் நிறுவனம் அது! மைதானத்தில் விழுந்த விக்கெட்டு நம் கைபேசிக்கு வந்துசேரச் சில நொடிகள் ஆகின்றன. அந்த நொடிகளுக்காகவே மைதானத்தில் ஆளை உட்காரவைத்துப் பந்துக்குப் பந்து சேதி பெறும் கூட்டம் கிரிக்கெட்டு உலகில் உண்டு. விக்கெட்டு விழுந்தது அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நாம் வாங்குகிறோம்; அவன் விற்கிறான். இதற்குப் பெயர் சந்தையாம்!

"எங்களுக்குக் கிரிக்கெட்டு தெரியும், இது திறமை" என்பார் தோழர். 2024 ஜூன் 29 நினைவிருக்கிறதா? பார்படோசில் உலகக் கோப்பை இறுதியாட்டம். தென்னாப்பிரிக்காவுக்குத் தேவை 30 பந்தில் 30 ஓட்டம். கையில் 6 விக்கெட்டு. ஆட்டம் அறிந்தவர்கள் அந்நேரம் யார் பக்கம் நின்றிருப்பார்கள்? தென்னாப்பிரிக்கா 7 ஓட்டத்தில் தோற்றது! அந்த வியப்புதான் ஆட்டத்தின் அழகு. அதை ரசிக்க நுழைவுச் சீட்டு போதும். மாதக் கூலி வேண்டியதில்லை.

சூது என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டார். முதல் நாள் வென்ற ஐம்பது ரூபாய்தான் அந்த முள்!

தமிழகச் சட்டமன்றம் 2022-இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். மன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2025-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டமோ, கடை நடத்துபவனுக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் என்கிறது. ஆடி ஏமாந்தவனைத் தண்டிக்கச் சொல்லவில்லை. சரியான பார்வைதான். ஆனால், சட்டம் கதவைத்தான் பூட்டும். கடல் கடந்த கடைகள் கைபேசியின் பலகணி வழியே கையசைக்கின்றன. பலகணியைச் சாத்த வேண்டியவர்கள் நாம்.

படிப்பகத்தில், தேநீர்க் கடையில், சங்க அலுவலகத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், தோழர்களே! இழந்தவரை ஏசாதீர்கள், இழந்ததைப் பிடிக்க மீண்டும் கட்டுபவரைக் கைப்பிடித்து நிறுத்துங்கள். கடன் பட்டிருந்தால் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்.

எந்தக் கடை நல்லது என்று கேட்டாரே, அந்த இளந்தோழருக்கு நம் பதில் இதுதான்: கூலி நாளன்று நீ நுழையாமல் கடந்து செல்லும் கடைதான், தம்பி, நல்ல கடை!