பேச்சுச் சிகிச்சையாளரின் நேரத்தை யார் கணக்கிடுவது?

நம் நாட்டில் பேச்சுச் சிகிச்சையாளர்கள் போதவில்லை என்று எல்லாரும் சொல்கிறோம். அமைச்சும் சொல்கிறது, பெற்றோரும் சொல்கிறார்கள், நாளிதழ்களின் வாசகர் கடிதங்களும் சொல்கின்றன. ஆனால், ஒரு சிகிச்சையாளரால் எத்தனை பிள்ளைகளை உருப்படியாகக் கவனிக்க முடியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஆள் சேர்த்தால், சேர்ந்தவர்களும் விரைவில் களைத்துப்போய்த் தனியார் மையங்களுக்குப் போய்விடுவார்கள் என்பது என் கருத்து.

2019-ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு ‘ஜீரோ ரிஜெக்ட்’ கொள்கையை நடைமுறைப்படுத்தியது. சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல கொள்கைதான். கதவு திறந்துவிட்டது, உள்ளே வரும் பிள்ளையின் வாய்ப்பேச்சை யார் கவனிப்பது? அரசாங்கத்தில் பணிபுரியும் பேச்சுச் சிகிச்சையாளர்களில் பெரும்பாலோர் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். கல்வி அமைச்சின் சிறப்புக் கல்விச் சேவை மையங்களில் சிலர் இருக்கிறார்கள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளில் படிக்கும் ஒரு பிள்ளைக்குத் திக்குவாய் என்றால், அவன் பள்ளியை விட்டு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

என் அக்காள் மகனுக்கு வயது ஏழு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஓர் அரசாங்க மருத்துவமனைக்குப் போகிறான். அக்காள் தொழிற்சாலையில் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அழைத்துப் போகிறார். முக்கால் மணி நேரப் பயிற்சி. சிகிச்சையாளர் ஒரு மலாய்க்காரப் பெண், பொறுமைசாலி. அவர் வீட்டுப்பாடத்தை மலாயில் எழுதித் தருவார். வீட்டில் அவனை வளர்ப்பதோ பாட்டி. "ஏம்மா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று பாட்டி தாளை என்னிடம் நீட்டுவார். நான் தமிழில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பேன். அவன் நாள்தோறும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருக்கும் வகுப்பறைக்கு அந்தத் தாள் இதுவரை போனதில்லை. வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதவோ, பத்து நிமிடம் தொலைபேசியில் பேசவோ அந்தச் சிகிச்சையாளருக்கு நேரம் இல்லை. வெளியே நாற்காலிகளில் அடுத்த பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இதில் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அப்படியானால் பள்ளிக்கே சிகிச்சையாளரை அனுப்புங்கள்" என்பது எளிதில் வரும் பதில். நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆயினும், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 60 பிள்ளைகளை ஒப்படைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு வாரம் அரை மணி நேரம் என்றால் 30 மணி நேரம். தொடக்கப்பள்ளியில் சபைகூடலும் ஓய்வுநேரமும் போக வாரத்துக்கு அவ்வளவு நேரமே கிடையாது! அறிக்கை எழுதுவது எப்போது? புதிய பிள்ளையைச் சோதிப்பது எப்போது? ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குக் காரோட்டும் நேரம் எங்கே? கடைசியில் ஐந்து பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பார்கள். ஒருவனுக்குத் திக்குவாய், இன்னொருத்திக்கு ‘ர’ வராது, மற்றொருவனுக்குச் சொல்வதே புரியாது. இதற்குப் பெயர் குழுப்பயிற்சியாம்.

பள்ளிகளிலேயே சிகிச்சையாளர்களை வைத்து நீண்ட அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. 1975-இல் அங்குச் சிறப்புக் கல்விச் சட்டம் வந்தது. அங்கும் தலையை எண்ணித்தான் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். 2002-இல் அமெரிக்கப் பேச்சு மொழி செவிப்புலச் சங்கம் அதை மறுத்தது. எத்தனை பிள்ளைகள் என்று எண்ணாதீர்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு வேலை என்று பாருங்கள் என்பது அதன் நிலைப்பாடு. சில பள்ளிகள் மூன்றுக்கு ஒன்று என்ற முறையைக் கடைப்பிடிக்கின்றன. மூன்று வாரம் பிள்ளைகளோடு நேரடிப் பயிற்சி. நான்காம் வாரம் வகுப்பறையைக் கவனிக்க, ஆசிரியரோடும் பெற்றோரோடும் பேச, அறிக்கை எழுத. அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒருவருக்கு ஏறக்குறைய 50 பிள்ளைகள் என்பது இன்றும் வழக்கம்தான். எனினும், அந்த நான்காம் வாரம் வேலையில்லாத வாரம் அல்ல என்பதை அப்பள்ளிகளாவது ஒப்புக்கொண்டுவிட்டன.

நம் பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கூடும். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழோடு மலாய், ஆங்கிலம். ஒரு பிள்ளை மலாயில் மட்டும் தடுமாறினால் அது பேச்சுக் குறைபாடு அல்ல. மொழி இன்னும் கைவரவில்லை, அவ்வளவே. தாய்மொழியிலும் தடுமாறுகிறதா என்று பார்த்தாக வேண்டும். தமிழ் தெரியாத சிகிச்சையாளருக்கு உடன் ஒருவர் இருந்து மொழிபெயர்க்க வேண்டும், நேரம் இரட்டிப்பாகும். ஆங்கிலப் பிள்ளைகளுக்காக வெளிநாட்டில் செய்த சோதனைகளை மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்பாரும் உண்டு. மலாயில் ‘ழ’ ஏது, ‘ண’ ஏது? அதோடு, "பழம்" என்பதைப் "பளம்" என்று சொல்லும் பிள்ளைக்குக் குறைபாடு என்று எழுதினால், நம் வீடுகளில் பாதிப் பேருக்குச் சிகிச்சை தேவைப்படும்! வீட்டுப் பேச்சு எது, குறைபாடு எது என்று பிரித்தறியத் தமிழ் தெரிந்த காது வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்து அவர்களையே செய்யச் சொல்லலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. சிகிச்சையாளர் சொல்லித்தந்த பயிற்சியை வகுப்பில் தொடர ஆசிரியரால் முடியும். நான்காண்டுப் பட்டப்படிப்பில் கற்பதை ஒரு வாரத்தில் கற்க முடியாது. ஒருவர் தலையில் இருந்த பாரத்தை இன்னொருவர் தலைக்கு மாற்றுவது தீர்வாகாது. நம் ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் கோப்பு வேலை யாருக்குத் தெரியாது?

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பை 1995-லேயே தொடங்கிவிட்டது. பின்னர் வேறு பல்கலைக்கழகங்களிலும் வந்தது. இருந்தும், நாம் நடத்தும் கல்வி வழிகாட்டிக் கருத்தரங்குகளில் மருத்துவம், பொறியியல், சட்டம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். இந்தத் துறையின் பெயரை நான் முதன்முதலில் கேட்டதே அக்காள் மகனின் மருத்துவமனை அட்டையில்தான். அறிவியல் பிரிவில் படிக்கும் ஐந்தாம் படிவ மாணவர்களிடம் இவ்வாண்டு முதல் இதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் நம்மால் முடியும். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் நாள்தோறும் புழங்கும் சொற்களைப் படத்தோடு தொகுத்து, சரியான ஒலிப்பையும் வீட்டு வழக்கையும் பதிவுசெய்து, தமிழ் தெரியாத சிகிச்சையாளரும் பயன்படுத்தும்படி கொடுக்கலாம். வரைய ஆள் இருக்கிறார்கள், குரல் கொடுக்க நாடகக் குழுவினர் இருக்கிறார்கள். எந்தச் சொற்கள் வேண்டும் என்பதைச் சிகிச்சையாளரிடமே கேட்டுத் தொடங்குவோம். அவருக்கு ஓய்வான ஒரு மணி நேரம் எப்போது கிடைக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும்.