முறையீட்டுச் செயலியும் வினாவின் பொருளும்

வகுப்பறையில் மாணவரின் சாதியை அறிவித்தல், சாதி சுட்டி இழித்துரைத்தல் ஆகியவற்றைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 ஆம் ஆண்டுச் சமத்துவ ஒழுங்குமுறைகள் பாகுபாடு என வரையறுத்தன. இதனையொட்டி முறையீட்டுச் செயலி அமைக்க முனைவோர் முதலில் தேடுவது வசைச்சொற் பட்டியலையே. சென்னை வளாகங்களில் அப்பட்டியல் பெரிதும் பயன்படாது. அடையாற்று விடுதியிலும் மயிலாப்பூர் வாடகை அறையிலும் ‘சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது?’ என்றே கேட்கப்படுகிறது. தி. நகரில் வீடு தேடும் ஆய்வு மாணவர் ‘நீங்கள் சைவமா?’ என்பதற்கு விடை கூறியாக வேண்டும். சமயப்பெயர் உணவுப்பெயராகிச் சாதியையும் உளவறியும் இச்சொல்லை எந்த எந்திரம் பிரித்தறியும்? நன்னூலார் வகுத்த அறுவகை வினாக்களுள் இஃது அறியாவினாவின் வடிவில் வரும்; கேட்பவரோ பெரும்பாலும் ஊகித்துவிட்டே கேட்கிறார்.

ஆகவே சொல்லோடு, கேட்டவர் யார், கேட்டபின் நிகழ்ந்த மாற்றம் யாது என்பனவும் பதிவாதல் வேண்டும். முறையிடுவோர் பெயரைத் துறையினரிடமிருந்து காத்தல் இன்றியமையாதது. முற்றிலும் பெயரற்ற முறையீடு வேறு வகையினது: 2015 மே மாதம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் ஏற்பிழந்ததற்குப் பின்னணியாய் நின்றது பெயரில்லாக் கடிதமே. ஜூனில் ஏற்பு மீண்டது. இவ்வினாக்களின் வழக்கைத் தொகுத்துப் பொருள்வரையறை செய்யும் பணியைக் கணினித் துறையினர்மீது சுமத்துதல் முறையன்று. அது தமிழ்த்துறைகளுக்கு உரியது.