விதைக்குள் இருக்கும் எழுத்து யார் சொத்து?

‘ஜீன்’, ‘டி.என்.ஏ.’ என்ற சொற்கள் இன்று டீக்கடைப் பெஞ்சு வரை வந்துவிட்டன. “மரபணு மாற்றிய விதையா? அது விஷம், கிட்டேயே போகாதே” என்கிறார் ஒருவர். “இனி நாட்டின் பசியைத் தீர்க்கப்போகிற காமதேனு அதுதான்” என்கிறார் கம்பெனி ஏஜெண்டு. இரண்டு பேச்சுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள், வயலில் மருந்தடித்துப் பருத்தி எடுக்கிற விவசாயத் தொழிலாளர்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தெலங்கானாவிலும் விளைந்து வரும் அந்தப் பஞ்சைத்தான் கோவை மில்களில் நம் தோழர்கள் நூலாக்குகிறார்கள். ஆகவே, இதைப் படித்தவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நாம் விட்டுவிட முடியாது.

ஜீன் விஷமும் அல்ல, தெய்வமும் அல்ல. அது ஒரு எழுத்து. அதில் என்ன எழுதியிருக்கிறது, அதை யார் தன் சொத்து என்று எழுதிக்கொண்டார்கள் - இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் லாபம் அடைகிறவன் கம்பெனிக்காரன்தான்.

முதலில் எழுத்து என்ன என்று பார்ப்போம். டபுளிங் பகுதியில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இரண்டு ஒற்றை இழைகளைச் சேர்த்து முறுக்கினால் இரட்டை நூல் கிடைக்கிறதல்லவா? டி.என்.ஏ.யும் அப்படி முறுக்கிய இரட்டை இழைதான். ஒரு இழைக்கும் மறு இழைக்கும் நடுவே ஏணிப்படிகள்போல் இணைப்புகள் இருக்கின்றன. அந்த இணைப்பில் வருகிற பொருள்கள் நாலே நாலு. அவற்றுக்கு விஞ்ஞானிகள் ஏ, டி, ஜி, சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏ இருந்தால் எதிரே டிதான் வரும். ஜி இருந்தால் எதிரே சிதான் வரும். மாறி வராது. அதனால் முறுக்கைப் பிரித்து ஒரு இழையை மட்டும் கையில் கொடுத்தால் போதும், மறு இழை என்ன என்று எழுதிவிடலாம். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது இதுதான் நடக்கிறது. முறுக்கு பிரிகிறது, ஒவ்வொரு இழையும் தனக்கு ஜோடியைக் கட்டிக்கொள்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு, பருத்திக் கொட்டையிலிருந்து பருத்திச் செடிக்கு எழுத்து போய்ச் சேரும் வழியும் இதுவே.

மனிதனின் எழுத்து ஏறக்குறைய 300 கோடி ஜோடி நீளம். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லில் சுருண்டு கிடக்கிற இழைகளை எல்லாம் நீட்டி ஒட்டினால் ஆறடிக்கு மேல் வரும்! இந்த நீண்ட இழையில், ‘இன்ன புரதத்தை இப்படிச் செய்’ என்று உத்தரவு சொல்லும் ஒரு துண்டுதான் ஜீன். மனிதனுக்கு அப்படிப்பட்ட துண்டுகள் சுமார் இருபதாயிரம். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். ஒரு சொல் ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் கோத்துக்கொண்டு புரதம் ஆகும். இந்த மூன்றெழுத்துச் சங்கேதத்தைப் படித்துச் சொன்னவர்களில் ஒருவர் ஹர் கோவிந்த் குரானா. இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு பஞ்சாப் கிராமத்தில், நம் ஊர்க் கணக்குப்பிள்ளை போன்ற ஒரு பட்வாரியின் மகனாகப் பிறந்தவர். 1968-ல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

இரட்டை முறுக்கு என்று 1953-ல் உலகுக்குச் சொன்னவர்கள் வாட்ஸன், கிரிக் இருவரும். ஆனால் அதற்கு ஆதாரமாக நின்ற எக்ஸ்ரே படம் ரோஸாலிண்ட் பிராங்க்ளின் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் 1952-ல் எடுத்தது. அவருக்குத் தெரியாமலே அது வாட்ஸனுக்குக் காட்டப்பட்டது. 1958-ல், 37 வயதில் அவர் இறந்தார். 1962-ல் பரிசு வாங்கிய மூவரும் ஆண்கள். பாடுபட்டவர் ஒருவர், பெயர் வாங்கியவர் வேறொருவர் என்ற கதை நமக்கு ஒன்றும் புதிதல்ல.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுவோம். எந்த இரண்டு மனிதர்களை எடுத்து ஒப்பிட்டாலும் ஆயிரம் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுதான் வேறுபடுகிறது. மேல் ஜாதி ரத்தம், கீழ் ஜாதி ரத்தம் என்று உயர்வு தாழ்வு கற்பிக்கிற எழுத்து அந்த இழையில் எங்கேயும் கிடையாது. ‘பிறவிக் குணம்’ பேசுகிறவர்கள் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தால் நம்பாதீர்கள்.

நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘ஜீன் என்பது முதலாளித்துவக் கற்பனை’ என்று சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் சாதித்தார். 1948-ல் அதுவே அதிகாரபூர்வமான கொள்கை ஆனது. அதற்கு முன்பே, உலகெங்கும் சுற்றி விதை சேகரித்த மாபெரும் விஞ்ஞானி வாவிலோவ் 1940-ல் கைது செய்யப்பட்டு, 1943-ல் சரடோவ் சிறையில் மாண்டார். அவர் சேகரித்த விதைகளை, ஹிட்லர் படை முற்றுகையிட்ட லெனின்கிராடில் காவல் காத்த ஊழியர்களில் பலர் பட்டினி கிடந்து செத்தார்கள். விதைத் தானியத்தில் கை வைக்கவில்லை. லண்டன் ‘டெய்லி ஒர்க்கர்’ பத்திரிகையில் தொழிலாளர்களுக்காக வாரந்தோறும் விஞ்ஞானம் எழுதிய ஹால்டேன், கட்சியை விட்டு விலகியதற்கு லைசென்கோ விவகாரமும் ஒரு காரணம். அவர் 1957-ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானார். இயற்கை எந்தத் தலைவருடைய உத்தரவுக்கும் கட்டுப்படாது. ஜீன் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் திருப்புகிற தோழர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

சரி, எழுத்தைப் படித்தாயிற்று. அதை வெட்டி ஒட்ட முடியுமா? 1973-ல் அமெரிக்காவில் முடிந்தது. இழையைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கத்திரியும், ஒட்டும் பசையும் நுண்ணுயிர்களிடமே இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்தினார்கள். முதலில் கிடைத்த பெரும் பலன் இன்சுலின். அதுவரை மாடு, பன்றி கணையத்திலிருந்து பிழிந்து எடுத்த மருந்து அது. மனிதனுடைய இன்சுலின் ஜீனைப் பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். பாக்டீரியா இன்சுலின் செய்து கொடுத்தது. 1982-ல் அது கடைக்கு வந்தது. இது எவ்வளவு பெரிய நன்மை என்பது வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இன்சுலினைக் கண்டுபிடித்த பாண்டிங்கின் தோழர்கள் 1923-ல் அதன் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே இன்சுலினை இன்று அமெரிக்காவில் விலை கட்டுபடியாகாமல் அளவைக் குறைத்துக் குத்திக்கொள்ளும் ஏழைகள் இருக்கிறார்கள்.

நடுவில் என்ன நடந்தது? 1980-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, எண்ணெயைத் தின்னும்படி மாற்றிய ஒரு பாக்டீரியாவுக்குக் காப்புரிமை வழங்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நாலு பேர் மறு பக்கம். ஒரே ஓட்டு வித்தியாசத்தில், உயிருள்ள ஒரு பொருள் தனியார் சொத்து ஆனது. கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது.

அந்தக் கதவு வழியாக நம் பருத்தி வயலுக்குள் வந்ததுதான் பி.டி. பருத்தி. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, காய்ப்புழுவைக் கொல்லும் ஒரு புரதத்தைச் செய்கிறது. அது புழுவின் குடலில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும். மனிதனுடைய குடலில் அது ஒட்டிக்கொள்ள இடமில்லை. அந்தப் புரதத்துக்கான ஜீனை எடுத்துப் பருத்திக்குள் வைத்தார்கள்; செடியே புழுவைக் கொன்றது. 2002 மார்ச்சில் இந்திய சர்க்கார் இதற்கு அனுமதி கொடுத்தது. ஆரம்ப வருஷங்களில் புழு மருந்து அடிப்பது குறைந்தது, பருத்தி உற்பத்தி கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. பாசனம், உரம் இவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. சில வருஷங்களில் நாட்டின் பருத்தி நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பி.டி. ஆகிவிட்டது.

பிறகு சங்கதி திரும்பியது. ஏன்?

அமெரிக்காவிலும் சீனாவிலும் இந்த ஜீனைச் சாதாரண ரகங்களில் வைத்துக் கொடுத்தார்கள். இந்தியாவிலோ வீரிய ஒட்டு விதையில் மட்டும் வைத்து விற்றார்கள். வீரிய ஒட்டுச் செடியின் கொட்டையை எடுத்து மறுபடி விதைத்தால் முதல் வருஷ விளைச்சல் வராது. ஆகவே வருஷா வருஷம் கடைக்குப் போக வேண்டும். கேட்டுக்கு முன்னால் பூட்டுத் தொங்குவது தெரியும். இந்தப் பூட்டு கண்ணுக்குத் தெரியாது. 450 கிராம் பாக்கெட் ஒன்று 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும் பகுதி ‘ஜீனுக்கான கட்டணம்’! ஆந்திர சர்க்கார் ஏகபோகக் கமிஷனுக்குப் போய் வழக்காடிய பிறகு, 2006-ல் விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. வழக்குப் போட்டதும் பாதிக்கு மேல் இறங்குகிற விலை, அதற்கு முன்னால் எந்தக் கணக்கில் வைத்த விலை?

அந்த வீரிய ஒட்டு விதையைச் செய்தது யார் என்பதைக் கம்பெனி விளம்பரம் சொல்லாது. அதை ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் செய்யவில்லை. சாயங்காலம் ஒவ்வொரு பெண் பூவின் மொட்டையும் விரலால் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிய வேண்டும். மறுநாள் காலையில் ஆண் செடியின் பூவைக் கொண்டுவந்து அதன்மேல் தடவ வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும்! இந்தக் ‘கிராசிங்’ வேலையை ஆந்திர, குஜராத் வயல்களில் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பதினாலு வயது நிரம்பாத சிறுமிகள் ஏராளம். விதைக்குள் இருக்கிற ஒரு ஜீனுக்குக் கட்டணம் உண்டு. அந்த விதையை உண்டாக்கிய விரல்களுக்கு அரை வயிற்றுக் கூலி.

புழுவும் சும்மா இருக்கவில்லை. லட்சக்கணக்கில் சாகும்போது தப்பிப் பிழைக்கிற ஒன்றிரண்டின் எழுத்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இதுவும் டி.என்.ஏ. பாடம்தான். இதைத் தடுக்க, வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தி சில வரிசை போட வேண்டும் என்று விதி இருந்தது. இரண்டு ஏக்கர் குத்தகைக்காரன் புழுவுக்கென்று எப்படி நிலம் ஒதுக்குவான்? போதாததற்கு, நம் வீரிய ஒட்டுப் பருத்தி ஆறு மாதம், அதற்கு மேலும் வயலில் நின்று இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு விருந்து வைத்தது. 2010-ல் குஜராத்தில் அந்தப் புழு தங்கள் ஜீனுக்கு மசியவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. இரண்டு ஜீன் வைத்த விதை அதற்கு முன்பே வந்திருந்தது. அதையும் சில வருஷங்களில் புழு வென்றது. மருந்து டேங்க் மறுபடி தொழிலாளியின் முதுகில் ஏறியது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள் நின்று மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் விஷம் ஏறி இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். முகமூடி இல்லை, கையுறை இல்லை. செத்தவர்களில் பலர் கூலிக்கு மருந்தடித்தவர்கள்.

ஜீன் கொன்றதா அவர்களை? இல்லை. பூட்டிய விதையும், கட்டுப்பாடில்லாத மருந்துக் கடையும், பாதுகாப்பில்லாத கூலியும் சேர்ந்து கொன்றன.

சர்க்காரின் ஆராய்ச்சி நிலையங்கள் என்ன செய்தன? விவசாயி கொட்டையை எடுத்து வைத்துத் திரும்ப விதைக்கக்கூடிய ஒரு பி.டி. ரகத்தை - பிகானேரி நர்மா - தார்வாட் பல்கலைக்கழகமும் நாகபுரி பருத்தி ஆராய்ச்சி நிலையமும் கொண்டுவந்தன. அதற்குள் கம்பெனியின் ஜீனே இருக்கிறது என்று தெரியவந்து, அது முடங்கிப்போனது. பொதுத்துறை ஆராய்ச்சிக்கு நேர்ந்த தலைகுனிவு இது. தட்டிக்கேட்டுத் திருத்தாமல் அந்த வழியையே கைவிட்டது அதைவிடப் பெரிய குற்றம்.

நம் கையில் ஆயுதமே இல்லை என்று நினைக்க வேண்டாம். செடிக்கும் விதைக்கும் காப்புரிமை கிடையாது என்று நம் காப்புரிமைச் சட்டம் சொல்கிறது. விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறிக்கொள்ளலாம், கம்பெனி முத்திரை இல்லாமல் விற்கவும் செய்யலாம் என்று 2001-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. 2019-ல் குஜராத்தில் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று பெப்ஸி கம்பெனி விவசாயிகள்மீது வழக்குப் போட்டு, சிலரிடம் தலைக்குக் கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. இந்தச் சட்டத்தைக் காட்டி விவசாய சங்கங்கள் கிளம்பியதும் வழக்கைத் திரும்பப் பெற்றது. ஆனால் பி.டி. ஜீனின் காப்புரிமை செல்லுமா என்ற வழக்கோ, சுப்ரீம் கோர்ட்டு வரை போய், விசாரணைக்குத் திரும்பி, 2021-ல் இரண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் சமரசம் செய்துகொண்டதோடு முடிந்தது. நமக்கு வேண்டிய பதில் கிடைக்கவில்லை.

இப்போது அடுத்த அத்தியாயம் நெல்லில் தொடங்கியிருக்கிறது. 2025 மே மாதம் மத்திய சர்க்கார், ஜீனைத் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அதில் ஒன்று சம்பா மசூரியைத் திருத்திய ‘கமலா’. இங்கே வேறு உயிரின் ஜீனை நுழைக்கவில்லை. நெல்லின் சொந்த எழுத்தில் ஒரு திருத்தம் செய்திருக்கிறார்கள். பொதுப்பணத்தில், நம் விஞ்ஞானிகள் செய்த வேலை. இதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் திருத்தப் பயன்பட்ட ‘கிரிஸ்பர்’ என்ற கருவியின் மூலக் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், கம்பெனிகள் கையில் இருக்கின்றன.

ஆகவே சர்க்காரை நாம் கேட்கிறோம்: கருவிக்காரர்களோடு என்ன ஒப்பந்தம்? அதன் ஷரத்துகளை நாடாளுமன்றத்தில் வையுங்கள். இந்த நெல்லை விவசாயி களத்திலிருந்து எடுத்து மறு வருஷம் விதைக்கலாம், அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். பருத்திக்கு, குறைந்த நாளில் விளைந்து முடிகிற, கொட்டை எடுத்து விதைக்கக்கூடிய ரகங்களைச் சர்க்கார் பண்ணையிலிருந்து கொடுங்கள். மருந்தடிக்கப் போகிற தொழிலாளிக்கு முகமூடியும் கையுறையும் கொடுப்பது நிலத்துக்காரரும் மருந்துக் கம்பெனியும் சேர்ந்து ஏற்க வேண்டிய செலவு என்று சட்டம் செய்யுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் மில் சங்கங்களும் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி, கையெழுத்து வாங்கி, அடுத்த விதைப்புக்கு முன்னால் கலெக்டர் ஆபீசில் சேர்க்க வேண்டும்.