கீழே தமிழ், மேலே பிரெஞ்சு

ஸ்பெயின் தேசத்துச் செவில்லா நகரைப் பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர், முத்தாண்டிக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதன் பெருமையை ஒரு மணி நேரம் அளந்தார். சின்னஞ்சிறு தட்டுகளில் வரும் பதார்த்தங்கள், கம்பிக் கதவின் வழியே தெரியும் பூந்தொட்டி முற்றங்கள், எல்லாம் வந்தன. கடைசியில் ஹிரால்டா என்னும் கோபுரம். 12ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் மசூதிக்கு எழுப்பிய மினார் அது. 16ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் அதன்மேல் மணிக்கூண்டை வைத்தார்களாம்.

"கீழே ஒரு நாகரிகம், மேலே ஒரு நாகரிகம்! நம் பக்கத்தில் இப்படி ஒன்று உண்டா, ஐயா?" என்றார்.

மறுநாள் அவரைப் பண்ணுருட்டி வழியாகப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன்.

காலையில் பிரெஞ்சு ரொட்டி. தடிபோல் நீண்டு, மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருந்தது. பிறகு ரவையும் முந்திரியும் ரம்மும் சேர்த்து அவ்வூர்க் கிறிஸ்தவர்கள் பண்டிகைக்குச் செய்யும் கேக். முந்திரி எங்கள் ஊர்ச் செம்மண்ணின் செல்வம் என்று நான் மார்தட்டப்போக, அதன் விதை பிரேஸிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொணர்ந்ததல்லவா என்று நண்பர் மடக்கிவிட்டார்!

புதுச்சேரிக்கு வருவோரில் பலர் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கேயுள்ள மஞ்சள் சுவர்களைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். சுவர்கள் அழகுதான், ஆனால் வீடு அவற்றின் பின்னே ஒளிந்துகொள்கிறது. நாங்கள் மேற்கே நடந்தோம். பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தது இந்த ஊரில்தான். துய்ப்ளேயின் துபாஷியாயிருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையை முதலில் காட்டினேன். கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடு. மேல்மாடி ஐரோப்பியத் தூண் வரிசை. வைசியாள் வீதியிலும் அப்படியே: கீழே வழிப்போக்கருக்கு நிழல் தரும் தாழ்வாரம், திண்ணை, மேலே வளைவு ஜன்னல்கள். நண்பர் வாயைத் திறக்கவில்லை.

கடற்கரையிலிருந்த பழைய நகர மண்டபம் 2014இல் மழையில் இடிந்தது. அதைத் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள், நல்ல காரியம். இந்தத் தெருக்களிலோ சில வீடுகள் செப்பனிடப்பட்டன. பல வீடுகளில் திண்ணை போய், கான்கிரீட் கடைகள் முளைத்துவிட்டன. சொந்தக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? மழைதோறும் ஒழுகும் கூரைக்குச் செலவிடுகிறவர் அவரல்லவா?

வெயில் தாளாமல் ஒரு திண்ணையில் உட்கார்ந்தோம். வீட்டு அம்மாள் செம்பில் தண்ணீர் கொணர்ந்தார்.

"பிள்ளைகள் இடித்துக் கட்டலாம் என்கிறார்கள். அடுத்த தடவை வந்தால் இது இருக்குமோ, என்னவோ!" என்றார்.

நண்பர் தூணைத் தடவிப் பார்த்தபடி, "இது தேக்குதானே, அம்மா?" என்று கேட்டார்.