உழைச்ச உடம்புன்னா வலிக்கத்தான் செய்யுமா?

"உழைச்ச உடம்பு, வயசாச்சுன்னா வலிக்கத்தான் செய்யும்." எங்கம்மாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு டாக்டர் சொன்னது இது. எந்த ஊர் என்று கேட்டார். ஊரா, காலனியா என்று கேட்டார். வலி மாத்திரை எழுதினார். வலி எப்போது வருகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு 67 வயது. பத்து வயதில் களை பறிக்கப் போனவள். நடவு, அறுப்பு, கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று ஐம்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவள். ஒரு தை மாசம், இரண்டே வாரத்தில் எல்லாம் மாறிப்போனது. விடிகாலையில் பாயிலிருந்து எழ முடியவில்லை. புரண்டு, முட்டி போட்டு, சுவரைப் பிடித்து நிற்க அரை மணி நேரம். இரண்டு தோளும் இரண்டு தொடையும் கட்டையாகக் கிடந்தன. தலை சீவக் கை மேலே போகவில்லை. ஒருநாள் எழுவதற்குள் புடவையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். மருமகளிடம் சொல்ல வெட்கப்பட்டு, விடியும்வரை ஈரப் புடவையோடு கிடந்தாள்.

அந்த டாக்டரிடம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேல வலி எனக்குத் தெரியாதா சார்? அது பொழுது சாயும்போது வரும், படுத்து எழுந்தா போயிடும். இது படுத்து எழுந்தாத்தான் வருது. மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் விடுது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. இது வேற வலி சார்."

ஒரு மருத்துவ மாணவன் இதைப் பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க் கிடைத்திருக்கும். சேரிக் கிழவி சொன்னதால் புலம்பலாகிவிட்டது.

அந்த நோய்க்குப் பெயர் பாலிமயால்ஜியா ருமேட்டிகா. ஐம்பது வயதுக்கு மேல்தான் வரும், பெண்களுக்கு அதிகம். வலி தசையில் தெரிந்தாலும் தசை கெடுவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோள், இடுப்பு மூட்டுகளைச் சுற்றி அழற்சியை உண்டாக்குகிறது. ஏன் என்று மருத்துவம் இன்னும் முழுசாகக் கண்டுபிடிக்கவில்லை. வேலை செய்ததால் வருவதல்ல. 1888இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் புரூஸ் என்ற டாக்டர் ஐந்து முதியவர்களிடம் இதைப் பார்த்து எழுதி வைத்தார். அவர் வேலை பார்த்தது, வசதியுள்ளவர்கள் ஓய்வெடுத்துக் குளிக்க வரும் ஊற்று ஊரில். ஓய்வெடுக்க வந்தவர்களின் வலியைக் கேட்டு எழுத ஆள் இருந்தது. இன்றைய பெயர் 1957இல் வந்தது. வட ஐரோப்பிய வெள்ளைக்காரர்களிடம் அதிகம் காணப்படும் நோய் இது. சாதி பார்த்து வருவதல்ல. இங்கே அதற்குப் பெயர் கிடைப்பதுதான் சாதி பார்த்து நடக்கிறது.

டாக்டரை மட்டும் திட்டி முடிக்க நான் இதை எழுதவில்லை. பண்ணைக்காரன் "அவளுக்கென்ன, இரும்பு உடம்பு" என்பான், கூலி உயர்த்தாமல் வேலை வாங்க. டாக்டர் "உழைச்ச உடம்பு" என்பார், சீக்கிரம் வெளியே அனுப்ப. நாம் "உரமேறிய உடம்பு" என்று கவிதை எழுதுகிறோம், கைதட்டல் வாங்க. மூன்று பேரும் சொல்வது ஒன்றுதான்: இந்த உடம்புக்கு நோய் வராது, வலிதான் வரும். எம்.ஏ. தமிழ் படித்த நானும் அம்மாவின் காய்ப்பேறிய கையைப் பற்றிக் கவியரங்கில் வாசித்தவன்தான். அந்தக் கை மேலே போகாதபோது, "நடவு நட்டா அப்படித்தாம்மா, தைலம் தேச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். ஐந்து மாசம் போனது. அந்த ஐந்து மாசத்துக்கு நானும் குற்றவாளி.

கடைசியில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர்தான், "காலையில எழ எவ்வளவு நேரம் ஆகுதும்மா?" என்று கேட்டார். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று இரண்டு ரத்தச் சோதனை. பெரிய கருவி ஏதும் வேண்டாம். இ.எஸ்.ஆர். 88 இருந்தது. இதே மாதிரி வலி தரும் தைராய்டு, முடக்குவாதம், புற்றுநோய் எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு, பிரெட்னிசலோன் தினம் 15 மி.கி. கொடுத்தார். மூன்றாம் நாள் காலை அம்மா தானே எழுந்து, தானே தலை சீவினாள். டீ விலைகூட இல்லாத மாத்திரை!

அதோடு முடிந்துவிடவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல் சாப்பிட வேண்டும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. அது ஸ்டீராய்டு. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. இப்போது 5 மி.கி.யில் இருக்கிறாள். குறைக்கும்போதெல்லாம் காலை விறைப்பு எட்டிப் பார்க்கிறது. ஆகவே யாரும் கடையில் தானாக வாங்கித் தின்னக் கூடாது. இன்னொன்று: இந்த நோயுள்ள சிலருக்கு ரத்தக்குழாயிலும் அழற்சி வரும். புதிதாகப் பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, கண் மங்கல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தாமதித்தால் பார்வை போய்விடும். "உழைச்ச உடம்பு" என்ற ஒரு சொல் ஒருத்தியின் கண்ணையே பறித்துவிடலாம்.

தோழர்களே, மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியது. வாசலுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது நல்ல காரியம். கூடவே ஐம்பது தாண்டியவர்களிடம், "காலையில எழ முடியுதா, கை தூக்க முடியுதா?" என்று கேட்கச் சொல்லிப் போராடுவோம். அதற்கு முன்னால் நம் வீட்டுக் கிழவிகளிடம் நாம் கேட்போம். நிலத்துக்கும் கூலிக்கும் கோஷம் போட்ட நாம், வலிக்கு மருந்து கேட்பதைச் சொந்த விஷயம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

போன மாசம் பக்கத்துத் தெரு அத்தை ஒருத்திக்குத் தோள் விறைத்துப்போனது. அம்மாதான் கூட்டிப் போனாள். டாக்டர் ஆரம்பிப்பதற்குள் சொன்னாளாம்: "சார், வயச அப்புறம் கேளுங்க. எப்ப வலிக்குதுன்னு மொதல்ல கேளுங்க."