கட்டடம் எழுந்தது, பணியிடம் எங்கே?

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. 2023 ஜூலையில் மதுரைக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் கிடைத்தது. அடுத்து கோவைக்கும் திருச்சிக்கும் பெரிய நூலகங்கள் அறிவிக்கப்பட்டன. வரவேற்க வேண்டிய முயற்சிகள்தாம். ஆனால், இந்த நூலகங்களை நாள்தோறும் நடத்தப்போகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஊதியம், பத்து ஆண்டுகள் கழித்து அவர்கள் எந்த நிலையில் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். ‘நூலக அறிவியல் படித்தால் வேலை உண்டா?’ என்று கேட்கும் மாணவருக்கு ‘உண்டு’ என்று தயங்காமல் சொல்ல முடியாத நிலை இனியும் நீடிக்கக் கூடாது.

கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைப்பதுதான் நூலகப் பணி என்ற எண்ணம் அதிகாரிகளிடமும் இருக்கிறது. உண்மையில், ஒரு நூல் வந்து இறங்கியதும் பதிவேட்டில் வரவு வைத்து எண் கொடுக்க வேண்டும். முத்திரை குத்தி, உள்ளடக்கத்தைப் பார்த்து வகைப்பாட்டு எண் போட வேண்டும். டூயி வகைப்பாட்டு முறையில் தமிழ் இலக்கியம் 894.811-இல் தொடங்குகிறது, அதற்குள் கவிதை, நாடகம், நாவல் என்று பிரிக்க வேண்டும். சித்த மருத்துவத்தின் வரலாற்றைச் சொல்லும் நூல் வரலாற்றுத் தட்டுக்குப் போவதா, மருத்துவத் தட்டுக்குப் போவதா என்பதை முடிவு செய்பவர் நூலக உதவியாளர். புதுமைப்பித்தனைத் தேடினாலும் சொ. விருத்தாசலத்தைத் தேடினாலும் ஒரே எழுத்தாளரிடம் வாசகர் வந்து சேரும்படி பட்டியலில் இணைப்பவரும் அவரே. பிறகு பட்டைக்குறி ஒட்டிக் கணினியில் ஏற்ற வேண்டும். இடம் மாறிச் செருகப்பட்ட நூல், வாசகரைப் பொறுத்தவரை தொலைந்துபோன நூல்தான். ஆகவே தட்டுகளை ஓயாமல் சரிபார்க்க வேண்டும். பயிற்சியும் பொறுமையும் பரந்த பொது அறிவும் கேட்கும் தொழில் இது.

இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் இலக்கணம் வகுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் அடிப்படை விதிகளில் ஒன்றாக வைத்தார். சென்னை நூலகச் சங்கம் 1929-இல் தொடங்கிய பயிற்சி வகுப்பை 1931-இல் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. இத்தனை பெருமைக்கும் உரிய மண்ணில் நூலகப் பணியாளர் நிலையான ஊதியத்துக்காகக் கோரிக்கை மனு ஏந்தி நிற்பது நமக்கு அழகல்ல.

தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை நூலகர் என்று படிநிலையும் இருக்கிறது. ஆனால் ஊர்ப்புற நூலகர்கள் முறையான காலமுறை ஊதியம் கேட்டு நெடுங்காலமாகக் குரல் எழுப்பி வருகிறார்கள். பகுதி நேர நூலகங்கள் தினக்கூலிப் பணியாளர்களை நம்பியே திறக்கப்படுகின்றன. ஒரே நூலகர் இரண்டு நூலகங்களைக் ‘கூடுதல் பொறுப்பாக’ப் பார்ப்பதும், அவர் அங்கே போகும் நாளில் இங்கே கதவு பூட்டியிருப்பதும் பல ஊர்களில் வாடிக்கையாகிவிட்டன. அரசுப் பள்ளிகளிலோ பாடம் நடத்தும் ஆசிரியர் தலையிலேயே நூலகப் பொறுப்பும் விழுகிறது.

பணமில்லை என்ற பதில் இங்கே பொருந்தாது. சொத்து வரியோடு சேர்த்து, ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியை மக்கள் செலுத்துகிறார்கள். வசூலித்த தொகையை உள்ளாட்சி அமைப்புகள் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது பல்லாண்டுக் குறை. நூலகத்துக்கென்று வாங்கிய பணம் வேறு கணக்கில் தங்குவதை எந்தக் காரணம் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

‘எல்லாம் கைபேசியில் கிடைக்கும்போது நூலகர் எதற்கு?’ என்பார்கள் சிலர். மாவட்ட மைய நூலகம் ஒன்றுக்குக் காலையில் போய்ப் பார்க்கட்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களால் வாசிப்புக் கூடம் நிறைந்திருக்கும். வீட்டில் படிக்க இடமில்லாதவர்களுக்கும் விலை கொடுத்து நூல் வாங்க முடியாதவர்களுக்கும் அதுவே புகலிடம். மின்னணுமயமாக்கம் வந்தபின் இந்தப் பணியின் தேவை கூடியிருக்கிறது. ஓலைச்சுவடியையும் பழைய இதழையும் படமெடுத்தால் மட்டும் போதாது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிந்தால்தான் தேடுபவருக்கு அது கிடைக்கும். தஞ்சை சரசுவதி மகால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவை செய்துவரும் பணிக்கு இத்தகைய திறன் பெற்றவர்கள் இன்னும் பல மடங்கு தேவை. கல்லூரிகளிலும் ஆய்விதழ்த் தரவுத்தளங்களைக் கையாளத் தெரிந்தவர்கள் வேண்டும். வேலைக்குப் பஞ்சமில்லை, அதை முறையான பணியிடமாக்கும் மனம்தான் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. நூலகப் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி 2023-இல் ஒருங்கிணைந்த தேர்வு நடத்தியது. அத்தகைய தேர்வு குறித்த கால இடைவெளியில் தவறாமல் நடக்க வேண்டும். ஊர்ப்புற நூலகர்களைக் காலமுறை ஊதியத்துக்குள் கொண்டுவர வேண்டும். சான்றிதழ்ப் படிப்போடு பணியில் சேர்ந்தவர் பட்டம் பெற்று மேல்நிலைக்கு உயர வழி வேண்டும். மேல்நிலைப் பள்ளிதோறும் நூலகர் பணியிடம் உருவாக்க வேண்டும். ஒவ்வோர் உள்ளாட்சியும் நூலக வரியில் எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு ஒப்படைத்தது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

புதிய நூலகத்துக்கு அடிக்கல் நாட்டும் நாளிலேயே அதற்கான நிரந்தரப் பணியிடங்களுக்கும் அரசாணை பிறப்பிக்கட்டும். நூலக வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு, கேட்போம்.