கடல் தெரியுமெண்டு யார் சொன்னது?

2017 ஓகஸ்ட் 28ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் படகு கவிழ்ந்து ஆறு மாணவர்கள் இறந்தார்கள். தொழிலுக்குப் போனவர்கள் இல்லை, பொழுதுபோக்கப் போனவர்கள். அந்தக் கிழமை எங்கட ஆக்களின் முகநூல் முழுக்கக் கறுப்புப் படம். அதுக்குப் பின்னாலேயே பெரியாக்களின் கேள்வியும் வந்தது: "பெடியளுக்கு உந்த விளையாட்டுத் தேவையோ?"

அந்தக் கேள்வியோடு சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறோம். தேவைதான். கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு இருக்கிற ஊரில் ஒரு பின்னேரம் படகில் போய் வர ஆசைப்படுவது குற்றமில்லை. அந்தப் படகை ஓட்டுகிறவருக்கும் அதில் ஏறுகிறவருக்கும் ஒருவரும் ஒண்டும் சொல்லித் தராததுதான் குற்றம்.

ஒரு மோட்டார் சைக்கிள் ஓட எங்களிடம் என்னென்ன கேட்கிறார்கள்? மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, எல் பெர்மிற், பிறகு ஒரு அதிகாரிக்கு முன்னால் ஓடிக் காட்டவேணும். அதே பெடியன் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு களப்புக்குள் இறங்கினால்? உல்லாசத்துக்குப் படகு எடுத்த ஒருவரிடம் லைசென்ஸ் எங்க எண்டு யாரும் கேட்டதை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. மீன்பிடிப் படகுக்குப் பதிவு இருக்கிறது, இலக்கம் இருக்கிறது. அது படகுக்கு. ஞாயிற்றுக்கிழமை அதைப் பிடித்திருக்கிற கைக்கு இல்லை.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில்: "கடலோட பிறந்தவனுக்கு என்னத்துக்குத் தம்பி லைசென்ஸ்?" தொழில் செய்கிற ஒரு ஐயா சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அவருக்கு உண்மையிலேயே தெரியும். சோளகம் எப்போது எழும்பும், எந்த இடத்தில் கால் புதையும், எந்த இடத்தில் திடீரென்று ஆழம் எண்டு அவருடைய உடம்புக்கே தெரியும். ஆனால் அந்த வசனத்தைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையில் வளர்ந்த ஆக்கள். யோசித்துப் பாருங்கள். உயர் பாதுகாப்பு வலயம், பாஸ் நடைமுறை, என்ஜின் வலுவுக்குக் கட்டுப்பாடு எண்டு வருடக்கணக்காகக் கடலை எங்களிடமிருந்து பூட்டி வைத்தார்கள். பிறகு சுனாமி வந்து, தாய்மார் பிள்ளைகளைக் கரைக்கே விடாத காலம் வந்தது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் கடல் தெரியாத ஒரு தலைமுறை நாங்கள். எங்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? எழுதுகிற எங்கட குழுவுக்குள்ளேயே கை தூக்கச் சொன்னபோது வெட்கமாய்ப் போய்விட்டது.

தெரியாதது என்ன எண்டு கொஞ்சம் விபரமாய்ச் சொல்கிறோம். பைபர் போட் வலைக்கும் மீனுக்கும் செய்தது. பாரம் அடியில் கிடக்கும், படகு நிதானமாய் நிற்கும். அதே படகில் பத்துப் பேர் விளிம்பில் குந்தினால் பாரம் மேலே ஏறிவிடும். செல்பிக்கு எழும்பி நிண்டால் இன்னும் மேலே. ஒருவர் டொல்பின் எண்டு கத்த எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தால், அடியில் தேங்கி நிற்கிற தண்ணியும் அதே பக்கத்துக்கு ஓடும். பிறகு நிமிர்த்த நேரம் கிடையாது.

என்ஜினில் ஒரு சிவப்புக் கயிறு இருக்கும். ஓட்டுகிறவரின் கையிலோ இடுப்பிலோ மாட்ட வேண்டியது. அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜின் நிற்கும். எங்கட பக்கத்தில் அந்தக் கயிறு என்ஜினிலேயே சுற்றிக் கட்டிக் கிடக்கும், இல்லாவிட்டால் தொலைந்து போயிருக்கும். அப்போது ஓட்டுகிறவர் தண்ணிக்குள் விழுந்தால், ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி அவர் மேலேயே வரும், சுழலுகிற விசிறியோடு. இதைச் சொல்லித் தர ஐந்து நிமிசம் போதும்.

கவிழ்ந்த பிறகு என்ன செய்வது எண்டதும் அப்படித்தான். படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. தண்ணிக்குள் இருந்து பார்க்கக் கரை எப்போதும் கிட்டவாய்த்தான் தெரியும். கவிழ்ந்தாலும் பெரும்பாலும் மிதக்கிற படகைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒண்டாய் இருக்கவேணும். "இடுப்பளவு தண்ணிதானே" எண்டு களப்பை நம்புகிறவர்களுக்குச் சேறும் சாதாழையும் காலைப் பிடித்தால் இடுப்பளவே காணும்.

லைப் ஜக்கெற் கதையை எல்லாரும் அறிவீர்கள். ஒரு இறங்குதுறையில் எங்களுக்குத் தந்த ஜக்கெற்றில் பூட்டு இல்லை. கூட வந்த ஏழு வயதுப் பிள்ளைக்குத் தந்தது பெரியாளின் அளவு. தண்ணிக்குள் விழுந்தால் ஜக்கெற் மேலே போகும், பிள்ளை கீழே போகும். கேட்டதுக்கு, "சும்மா மடியில வையுங்கோ, செக் பண்ணினா மட்டும் போடுங்கோ" எண்டார்கள். நாங்களும் மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தோம். அந்தப் பிழையில் எங்களுக்கும் பங்கு.

அமெரிக்கக் கரையோரக் காவற்படை உல்லாசப் படகு விபத்துகளின் கணக்கை வருடாவருடம் வெளியிடுகிறது. 2022இல் இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 85 வீதமானோர் லைப் ஜக்கெற் போட்டிருக்கவில்லை. ஓட்டியவர் பயிற்சி பெற்றவரா எண்ட விபரம் தெரிந்த மரணங்களில் 74 வீதம், பயிற்சி இல்லாதவர் ஓட்டிய படகுகளில் நடந்தவை. ஓட்டுகிறவர்களில் கனபேர் பயிற்சி இல்லாதவர்கள் எண்டால் 74 பெரிய விசயமில்லை எண்டு கணக்குத் தெரிந்த ஆக்கள் வாதாடலாம். சரி. அந்த 85ஐ என்ன செய்யிறது?

இன்னொரு காட்சி. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வருவார்கள். சுவிசில் 6 கிலோவாற்றுக்கு மேற்பட்ட என்ஜின் படகை ஓட, தண்ணியில் ஓடிக் காட்டி லைசென்ஸ் எடுக்கவேணும். ஜேர்மனியில் 15 குதிரைவலுவுக்கு மேலே போனால் வேணும். கனடாவில் உல்லாசத்துக்கு என்ஜின் படகு ஓடுகிற எல்லாருக்கும் 2009இலிருந்து ஒரு அட்டை கட்டாயம். அங்கே இதையெல்லாம் மதிக்கிற மாமா இங்கே வந்ததும் கையில் காசோடு கரையில் நிண்டு, "தம்பி, நான் கொஞ்சம் ஓடிப் பாக்கட்டோ?" எண்டு கேட்பார். தம்பியும் குடுப்பார். அது சோளகக் காற்றுக் காலம் எண்டதும், காலையில் படுத்துக் கிடக்கிற கடல் மத்தியானத்துக்குப் பிறகு வேற கடல் எண்டதும் மாமாவுக்குத் தெரியாது.

கனடாவின் அட்டையை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. வீட்டில் கணினிக்கு முன்னால் இருந்தே பரீட்சை எழுதி எடுக்கக்கூடிய அட்டை அது. படகில் கால் வைக்காமலே படகோட்டி ஆகலாம். இங்கே அது வந்தால் ஒரே மாதத்தில் விடைத்தாள் போட்டோக்கொப்பிக் கடைக்கு வந்துவிடும்.

எங்களுக்கும் இதில் ஒரு பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. வடக்கு கிழக்கில் "அனுமதிப்பத்திரம்" எண்ட சொல்லுக்கே ஒரு மணம் உண்டு. கடலுக்குப் போகப் பாஸ் எடுக்க வரிசையில் நிண்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். லைசென்ஸ் எண்டு தொடங்கி, கடைசியில் கடற்படை முகாமில் போய்ப் பெயர் பதிகிற வேலையாய் முடியும் எண்டு ஒரு நண்பர் எச்சரித்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒண்டும் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் படகு கவிழ்ந்து பிள்ளைகள் இறந்ததையும் பார்த்தோம். அது உல்லாசமில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி. பாலம் கட்டி முடியாத இடத்தில் வேற வழி இல்லாமல் ஏறிய பிள்ளைகள். அதுக்குப் பிறகுதான் யார் அனுமதி குடுத்தது எண்ட விசாரணை தொடங்கியது. சாவுக்குப் பிறகு வருகிற கட்டுப்பாடு எப்போதும் தடையாகவோ சீருடையாகவோதான் வரும். அது வேண்டாமெண்டால் முதலிலேயே எங்கட கையில் ஒண்டு இருக்கவேணும்.

அதனால் நாங்கள் கேட்பது இது. பயிற்சியும் பரீட்சையும் சிவில் நிர்வாகத்திடம் இருக்கட்டும், முகாமில் வேண்டாம். படிப்பிக்கிறவர்கள் கடற்றொழிலாளர் சங்கங்களிலிருந்து வரட்டும், அதுக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கட்டும். அந்த ஐயாவின் உடம்பில் இருக்கிற அறிவுக்கு இதுவரை ஒரு சதம் ஒருவரும் குடுத்ததில்லை. பாடம் தமிழில் நடக்கட்டும், காற்றுக்கும் கடலுக்கும் அவர்கள் சொல்கிற பெயர்களோடயே. பரீட்சை தண்ணியில் நடக்கட்டும்: கயிறு மாட்டுவது, விழுந்தவரைத் தூக்குவது, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடப்பது. தொழிலுக்குப் போகிறவரை இதுக்குள் இழுக்க வேண்டாம். வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவருக்கும் விளையாட்டுக்கு ஓட்டுகிறவருக்கும் மட்டும் கட்டாயமாக்கினால் காணும். கரையோரப் பள்ளிக்கூடங்களில் நீச்சலும் வேணும், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

இதெல்லாம் வருவதுக்கு முதலே அடுத்த ஓகஸ்ட் வந்துவிடும். நாங்களும் கட்டாயம் எங்கேயாவது படகு ஏறுவோம். ஏற முதல் மூண்டு கேள்வி கேட்பதெண்டு முடிவெடுத்திருக்கிறோம்: எத்தனை பேர் ஏத்துவீங்கள், எனக்கு அளவான ஜக்கெற் எங்க, அந்தச் சிவப்புக் கயிறு எங்க? பதில் இல்லையெண்டால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு கரையில் இருந்து ரீ குடிப்பம்.